மூடிய லேப்டாப் ஏன் சுடுகிறது: லினக்ஸ் கர்னலின் தூக்கக் கணக்கு

ஒரு ரயில் பயணத்தின் இரவில் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. காலையில் பையைத் திறந்தால் இட்லிப் பானையின் மூடியைத் தூக்கியது போல முகத்தில் சூடு அடித்தது. பேட்டரியில் 11 சதவீதம்தான் மிச்சம். திரை அணைந்திருந்தது, விசிறிச் சத்தம் இல்லை, ஆனால் உள்ளே யாரோ இரவு முழுக்க முழித்திருக்கிறார்கள். அது யார் என்று தேடப் போய், லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி; வன்பொருளை ஆள்வது இதுதான்) மின்சாரத்தை எப்படிக் கையாள்கிறது என்பதையே முதலிலிருந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்றால் வேகத்தைக் குறைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கதையின் சின்னப் பகுதி. பெரிய பகுதி தூக்கம். எப்போது தூங்குவது, எவ்வளவு ஆழமாகத் தூங்குவது, யார் எழுப்பலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

சிக்னலில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநரைப் பாருங்கள். சிவப்பு விழுந்து 90 விநாடி இருக்கிறது என்றால் எஞ்சினை அணைத்துவிடுவார். 5 விநாடிதான் பாக்கி என்றால் அணைக்க மாட்டார். திரும்பக் கிளப்புவதற்கு ஆகும் செலவு, அணைத்ததால் வரும் மிச்சத்தைத் தின்றுவிடும். சிபியு கோரின் (சிபியுவுக்குள் தனித்து வேலை செய்யும் ஒவ்வொரு பிரிவும் ஒரு கோர்) நிலைமையும் இதேதான். வேலை இல்லாத கோருக்குப் பல படிகளில் தூக்கம் உண்டு. சி1 என்பது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சி6, சி10 எல்லாம் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவது. ஆழம் கூடக் கூட மின்சாரம் குறையும், எழுந்திருக்க நேரமும் கூடும்.

லினக்ஸில் இன்டெல் சிப்களுக்கான டிரைவரில் (ஒரு வன்பொருளை இயக்கத் தெரிந்த நிரல்தான் டிரைவர்) இதற்கென ஓர் அட்டவணையே இருக்கிறது. ஸ்கைலேக் தலைமுறைக்கு அதில் உள்ள எண்களைப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். சி1-லிருந்து எழ 2 மைக்ரோ விநாடி போதும். சி6-லிருந்து எழ 85 மைக்ரோ விநாடி. குறைந்தது 200 மைக்ரோ விநாடியாவது தூங்கினால்தான் அங்கே போனதற்கு லாபம். சி10-லிருந்து எழ 890 மைக்ரோ விநாடி. 5,000 மைக்ரோ விநாடி, அதாவது 5 மில்லி விநாடி தூங்கினால்தான் கட்டுப்படியாகும்.

ஆக, கர்னல் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: இந்தக் கோர் இனி எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? வருங்காலத்தைப் பற்றிய கேள்வி. ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை கேட்கப்படும் கேள்வி.

சிக்னலில் எண் குறைந்துகொண்டே வரும் பலகை இருப்பது போல, கர்னலிடமும் ஒன்று உண்டு. அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்பது அதற்குத் தெரியும். தெரியாதது, நடுவில் வந்து ஹாரன் அடிப்பவர்கள்: நெட்வொர்க்கில் வரும் பாக்கெட், விசைப்பலகையில் விழும் விரல், டிஸ்க்கிலிருந்து வரும் பதில். 'மெனு' என்ற கவர்னர் இரண்டையும் கலந்து ஊகிக்கிறது. (ராஜ்பவன் கவர்னர் இல்லை. நீராவி எஞ்சின் வேகத்தைத் தானாகச் சீர்செய்ய 1788-ல் ஜேம்ஸ் வாட் பொருத்திய கருவியின் பெயர் கவர்னர்; அந்த அர்த்தம்தான் இங்கே.) அடுத்த டைமருக்கு உள்ள நேரத்தை எடுத்து, முன்பு தன் ஊகம் எவ்வளவு பொய்த்தது என்பதை வைத்துக் குறைத்துக்கொள்ளும். கூடவே கடைசி 8 தூக்கங்களின் நீளத்தைப் பார்த்து, அவற்றில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்றும் பார்க்கும். 2019-ல் 5.1 பதிப்பில் 'டியோ' என்ற இன்னொரு கவர்னர் வந்தது. பெரும்பாலான எழுப்பல்கள் டைமரிலிருந்துதான் வருகின்றன என்ற எண்ணத்தை வைத்து அது கணக்குப் போடுகிறது. இரண்டில் எது சிறந்தது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம், வேலைக்கு வேலை மாறும்.

ஆனால் ஊகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கர்னல் தன்னைத்தானே எழுப்பிக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்? பல வருடம் அப்படித்தான் இருந்தது. வேலை இருக்கிறதோ இல்லையோ, ஒரு கடிகார டிக் விநாடிக்கு இத்தனை முறை என்று அடித்துக்கொண்டே இருக்கும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் லினக்ஸ் 2.6 வந்தபோது அது விநாடிக்கு 1,000 முறை. அப்புறம் 2.6.13-ல் இயல்பு அளவை 250 ஆக்கினார்கள். 250 என்றால் 4 மில்லி விநாடிக்கு ஒரு முறை. மேலே சொன்ன சி10-க்குத் தேவை 5. சி10 வந்தது பிற்காலத்தில்தான் என்றாலும் கணக்கைப் பாருங்கள்: டிக் அடித்துக்கொண்டே இருந்தால் அந்த ஆழத்தை எந்தக் கோரும் லாபத்தோடு எட்டவே முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "தூங்கிட்டியா?" என்று கேட்கும் பாட்டி பக்கத்தில் இருந்தால் யார்தான் தூங்க முடியும்?

2007-ல் வந்த 2.6.21-ல் இதற்கு முடிவு கட்டினார்கள். சும்மா இருக்கும் கோருக்கு டிக் கிடையாது. அடுத்த டைமர் வரும்வரை விட்டுவிடு. அதே ஆண்டு இன்டெல் 'பவர்டாப்' என்ற சின்ன நிரலை வெளியிட்டது. எந்தப் புரோகிராம் விநாடிக்கு எத்தனை முறை சிபியுவை எழுப்புகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். என் கணிப்பில் லினக்ஸ் லேப்டாப்களின் பேட்டரிக்குக் கர்னலுக்குள் நடந்த பல மாற்றங்களைவிட இந்தப் பட்டியல் அதிகம் செய்திருக்கிறது. சும்மா ஒரு ஐகானைச் சரிபார்க்க விநாடிக்குப் பத்து முறை எழும் புரோகிராம்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. எழுதியவர்கள் வெட்கப்பட்டுத் திருத்தினார்கள்.

எழுப்பல் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணமும் இருக்கிறது. 2012 ஜூன் 30 நள்ளிரவில் உலகக் கடிகாரத்தில் ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். லினக்ஸின் டைமர் பகுதியில் இருந்த ஒரு பிழையால், தூங்கிக் காத்திருக்க வேண்டிய புரோகிராம்கள் காத்திருக்காமல் சுற்றிச் சுற்றி ஓடின. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் சர்வர் மையங்களில் மின்நுகர்வு அந்த இரவில் ஏறத்தாழ ஒரு மெகாவாட் கூடியதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஒரே ஒரு விநாடி செய்த வேலை.

சரி, வேகத்துக்கு வருவோம். சிப் தின்னும் மின்சாரம் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கலாம்; பேச்சுக்கு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 0.5-ஐ 0.64-ஆல் பெருக்கினால் 0.32. 10 வாட் தின்ற சிப் 3.2 வாட்டில் ஓடும். பிரமாதம்தான், ஆனால் வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க ரேம், மின்னழுத்த ரெகுலேட்டர், தகவல் போகும் பஸ் எல்லாம் முழித்திருக்க வேண்டும். அவை சேர்ந்து 6 வாட் தின்றால், ஒரு விநாடி முழு வேகத்தில் ஓடி முடித்துத் தூங்குவதற்கு 16 ஜூல் ஆகும். மெதுவாக இரண்டு விநாடி ஓடினால் 18.4 ஜூல். நிதானமாகப் போனதற்கு நஷ்டம். சுற்றியிருப்பவை 2 வாட்தான் தின்கின்றன என்றால் கணக்கு திரும்பிவிடும்: வேகத்துக்கு 12, நிதானத்துக்கு 10.4. ஓடி முடித்துப் படுத்துக்கொள்வதா, நடந்தே போவதா என்ற சண்டை இன்னும் ஓயாததற்குக் காரணம் இதுதான். இரண்டு கட்சியும் சரி, அவரவர் இயந்திரத்தில்.

வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர்களில் 2004-ல் வந்த 'ஆன்டிமாண்ட்' வெகுகாலம் ஆட்சி செய்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, கோர் எவ்வளவு பிஸியாக இருந்தது என்று அளந்து வேகத்தை மாற்றும். வேடிக்கை என்னவென்றால், யாருக்கு எவ்வளவு வேலை என்பது பக்கத்து அறையில் இருக்கும் ஷெட்யூலருக்கு, அதாவது எந்த வேலை எந்தக் கோரில் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் கர்னல் பகுதிக்கு, ஏற்கெனவே தெரியும். இவர் அவரிடம் கேட்காமல் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். 2016-ல் 4.7 பதிப்பில் வந்த 'ஷெட்யூடில்'தான் அந்தச் சுவரை உடைத்தது. ஷெட்யூலர் வைத்திருக்கும் பயன்பாட்டுக் கணக்கை எடுத்து, அதன் மேல் 25 சதவீதம் கூடுதல் வைத்து வேகத்தைக் கேட்கும். பயன்பாடு 80 சதவீதத்தைத் தொட்டால் உச்ச வேகம்.

சுத்தமான யோசனை. கைபேசியில் மட்டும் இது இடித்தது. ஷெட்யூலரின் அந்தக் கணக்கு பழையதை மெல்ல மறந்து புதியதை மெல்லக் கற்கும் வகை. 32 மில்லி விநாடியில் பாதி மறக்கும். சும்மா கிடந்த ஒரு வேலை திடீரென்று முழு மூச்சில் ஓடத் தொடங்கினால், கணக்கு 80 சதவீதத்தை எட்டக் குறைந்தது 74 மில்லி விநாடி ஆகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லி விநாடிதான். நீங்கள் விரலால் தள்ளுகிறீர்கள், நான்கைந்து ஃபிரேம் கழித்துத்தான் கர்னலுக்கு "ஓ, அவசரமா?" என்று உறைக்கிறது. அதற்குள் பக்கம் திக்கித் திணறி நகர்ந்திருக்கும். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் இன்னும் மோசம்.

இதற்கு மருந்தாகக் கைபேசி நிறுவனங்கள் விரல் பட்டதுமே வேகத்தை உயர்த்தும் தந்திரங்களைத் தங்கள் சொந்தக் கர்னல்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் பொதுவான மூல லினக்ஸில் 2019-ல் 5.3 பதிப்பில் 'யூகிளாம்ப்' வந்தது: இந்த வேலையின் கணக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்த அளவுக்குக் கீழே மதிக்காதே, அந்த வேலை எவ்வளவு ஓடினாலும் இதற்கு மேலே மதிக்காதே என்று மேலிருந்து சொல்லலாம். திரையை வரையும் வேலைக்கு முதலாவது, பின்னணியில் ஒத்திசைக்கும் வேலைக்கு இரண்டாவது. கர்னல் ஊகித்துக் களைத்து, தெரிந்தவரிடம் கேட்கக் கற்றுக்கொண்ட இடம் இது.

2011-ல் ஆர்ம் நிறுவனம் பெரிய கோரையும் சிறிய கோரையும் ஒரே சிப்பில் வைக்கும் ஏற்பாட்டை அறிவித்ததிலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: எவ்வளவு வேகம் என்பதோடு, எந்தக் கோர்? எல்லாக் கோரையும் ஒரே தட்டில் வைத்து வேலையைச் சமமாகப் பரப்பிப் பழகிய ஷெட்யூலருக்கு இது சிரமமாக இருந்தது. ஒவ்வொரு கோரிலும் இந்த வேலைக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று விலை விசாரித்து வைக்கும் முறை மூல கர்னலில் சேர 5.0 பதிப்புவரை, அதாவது 2019 வரை ஆனது. அதிலும் ஒரு விவேகம் உண்டு: ஏதாவது ஒரு கோர் 80 சதவீதத்தைத் தாண்டி நிரம்பிவிட்டால், விலை பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பழையபடி வேலையைப் பரப்பத் தொடங்கிவிடும். கல்யாண வீட்டில் பந்தி நிரம்பி வழியும்போது யாரும் இலைக் கணக்குப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னது சிபியு. என் பையைச் சூடாக்கிய ஆசாமி சிபியு இல்லை. அதனால் டிவைஸ்களுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் இங்கேதான் பொய்யும் புரட்டும் அதிகம்.

2009 டிசம்பரில் வந்த 2.6.32-ல் 'ரன்டைம் பிஎம்' (பிஎம் என்றால் பவர் மேனேஜ்மென்ட்) என்ற ஏற்பாடு நுழைந்தது. ரஃபேல் வைசோக்கி என்ற போலந்துக்காரர்தான் இதற்கு முக்கியக் காரணம். அதுவரை தூக்கம் என்றால் பெரும்பாலும் முழு இயந்திரமும் சேர்ந்து தூங்குவது. இதில் ஒவ்வொரு டிவைஸும் தனக்கு வேலை இல்லாதபோது தனியாகத் தூங்கலாம். அடிப்படை எளிது: உள்ளே வருகிறவர் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவார், போகிறவர் ஒன்று குறைப்பார், எண் பூஜ்யமானால் விளக்கை அணைக்கலாம். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் பெற்றோர் தூங்க வேண்டும். எழும்போது பெற்றோர் முதலில். யுஎஸ்பி பென்டிரைவ் தூங்கினால்தான் அது சொருகியிருக்கும் ஹப் தூங்கும், ஹப் தூங்கினால்தான் கண்ட்ரோலர்.

எளிது என்றேன், ஆனால் எண்ணுவதில்தான் எல்லோரும் தவறினார்கள். டிவைஸை எழுப்பும் முக்கியமான ஃபங்ஷன், எழுப்புவதில் தோற்றாலும் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிடும். தோற்றதுதானே என்று டிரைவர் எழுதியவர் குறைக்காமல் திரும்பிப் போய்விடுவார். கடைசி ஆள் போன பிறகும் வருகைப் பதிவில் ஒருவர் பாக்கி. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இந்த ஒரே தவறு டிரைவருக்கு டிரைவர் பரவிக் கிடந்தது. தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும் மாற்று ஃபங்ஷன் 5.10 பதிப்பில், 2020-ல்தான் வந்தது. பதினோரு வருடம்! இடையில் எழுதப்பட்ட டிரைவர்களைத் தேடித் தேடி மாற்றும் பேட்ச்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

அப்புறம் டிவைஸ்களின் குணம். யுஎஸ்பிக்கான தானியங்கித் தூக்கத்தில் இயல்பாக 2 விநாடி சும்மா இருந்தால் போதும், தூங்கலாம். ஆனால் கர்னல் இதை இயல்பாக ஹப்களுக்கு மட்டும்தான் திறந்துவைத்திருக்கிறது. மற்றவற்றுக்கு மூடியே இருக்கும். காரணம் கசப்பானது: தூங்கத் தெரியும் என்று அறிவித்துக்கொள்ளும் எத்தனையோ டிவைஸ்களுக்கு எழத் தெரியாது. சில மவுஸ்கள் தூங்கிவிட்டால் நகர்த்தினால் எழாது, பட்டனை அழுத்தினால்தான் எழும். யாரைக் குறை சொல்வார்கள்? லினக்ஸைத்தான். அதனால் கர்னல் பேட்டரியை விட்டுக்கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. பேட்டரியைக் காக்க நினைக்கிறவர் டிவைஸின் பவர் கோப்பில் போய் 'ஆட்டோ' என்று தானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பொய் சொல்வது டிவைஸ்கள் மட்டுமில்லை, பயாஸும்தான் (கணினியை முதலில் கிளப்பி, வன்பொருள் விவரத்தைக் கர்னலுக்குச் சொல்லும் நிரல் அது). 2011-ல் வந்த 2.6.38-க்குப் பிறகு பல லேப்டாப்களில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று ஃபொரோனிக்ஸ் இணையதளம் அளந்து எழுதியது. காரணம், சிபியுவையும் டிவைஸ்களையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளின் மின்சேமிப்பு. பயாஸ் ஒரு பக்கம் "இந்த இயந்திரத்தில் அந்த வசதி கிடையாது" என்று அட்டவணையில் எழுதியிருக்கும்; இன்னொரு பக்கம் சில இணைப்புகளில் அதைத் தானே இயக்கியும் வைத்திருக்கும். கர்னல் அட்டவணையை நம்பி, இயங்கிக்கொண்டிருந்ததையும் நாணயமாக அணைத்தது. மேத்யூ காரெட் என்ற டெவலப்பர் இதைத் துழாவி, விண்டோஸ் அந்த வரியைப் பார்த்தால் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். லினக்ஸும் அப்படியே செய்யட்டும் என்ற அவர் திருத்தம் 3.3 பதிப்பில் சேர்ந்தது. விதிப் புத்தகத்தில் இருப்பது ஒன்று, பயாஸ் எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்ப்பது விண்டோஸோடு மட்டும். இரண்டாவதுதான் நிஜமான விதி.

முழு இயந்திரத் தூக்கத்தை ஆண்ட்ராய்டு வேறு விதமாகப் பார்த்தது. யாரும் 'நான் வேலையாக இருக்கிறேன்' என்று பூட்டுப் பிடித்திருக்காவிட்டால் உடனே மொத்தமாகத் தூங்கு என்பது அதன் வழி. அந்தப் பூட்டுக்கு வேக்லாக் என்று பெயர். மூல கர்னல்காரர்கள் 2009-லும் 2010-லும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்: டிரைவர்களுக்குள் பூட்டுகளைத் தூவுவது அசிங்கம், அந்தந்த டிவைஸ் தனித்தனியாகத் தூங்கினால் போதும் என்றார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு பக்கம் ஒரு நிஜமான ஓட்டையைக் காட்டியது. இயந்திரம் தூங்கப் போகும் அந்தக் கணத்தில் அழைப்பு வந்தால்? பார்க்காமலே தூங்கிவிடும். வைசோக்கி 2010-ல் 2.6.36-ல் கொடுத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. எழுப்பல் நிகழ்வுகளுக்கு ஓர் எண்ணிக்கை. தூங்கச் சொல்ல நினைக்கும் புரோகிராம் முதலில் அந்த எண்ணைப் படிக்கும். தூங்குமுன் அதே எண்ணைத் திரும்ப எழுதும். இடையில் ஏதாவது வந்து எண் மாறியிருந்தால் எழுதுவது தோற்கும், தூக்கம் ரத்து. 2012-ல் 3.5 பதிப்பில் வேக்லாக் போன்ற ஒரு வாசலும் கொஞ்சம் வேறு உடையில் மூல கர்னலுக்குள் வந்துசேர்ந்தது.

இனி என் பை. பழைய லேப்டாப்களில் மூடியை மூடினால் எஸ்3 என்ற தூக்கம்; ரேமுக்கு மட்டும் மின்சாரம், மற்ற எல்லாவற்றையும் பயாஸ் அணைத்துவிடும். டிரைவர்களில் ஒன்று சோம்பேறியாக இருந்தாலும் பிரச்சினை பெரும்பாலும் மறைந்துபோகும், ஏனென்றால் மெயினையே அணைத்தாகிவிட்டது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 கிடையாது. கைபேசி போல உடனே எழ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முறைக்குத் தக்கபடி அவை தயாராகின்றன. லினக்ஸில் அதற்கு ஈடானது 'எஸ்2ஐடில்'. எல்லாப் புரோகிராமையும் உறையவைத்து, ஒவ்வொரு டிவைஸையும் தூங்கச் சொல்லிவிட்டு, சிபியுவை ஆழ்ந்த ஓய்வில் விடுவது, அவ்வளவே. மெயினை அணைக்க ஆளில்லை. ஒரே ஒரு டிவைஸ் தூங்க மறுத்தாலும் சிப் மொத்தமும் கடைசிப் படிக்கு இறங்காது. திரை கறுப்பாக இருக்கும், எல்லாம் தூங்கியது போலவே தெரியும்.

இன்டெல் இயந்திரங்களில் அந்தக் கடைசிப் படியில் இதுவரை எத்தனை மைக்ரோ விநாடி இருந்தோம் என்று கர்னல் ஓர் எண்ணைக் காட்டும். என் லேப்டாப்பில் அதைத் திறந்து பார்த்தேன்: பூஜ்யம். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அது சரியாகத் தூங்கியதில்லை போலிருக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்து, மூடி, திறந்து, எண்ணைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் அகப்பட்டது, நான் ஒரு முறைகூடப் பயன்படுத்தாத எஸ்டி கார்டு ரீடர். பயாஸில் அதை அணைத்துவிட்டு மூடியை மூடி, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து திறந்தேன். எண் ஒன்பது இலக்கத்துக்கு ஏறியிருந்தது.